90 போல்ட், ஒரு முன்கண்ணாடி: பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 நிகழ்வு ஆய்வு

விமானி ஒருவர் காக்பிட் ஜன்னலுக்கு வெளியே மல்லாந்து கிடக்க, உள்ளே இருந்து யாரோ அவர் காலைப் பிடித்திருக்கும் படம் ஒன்று இணையத்தில் அடிக்கடி சுற்றும். படம் அசல் இல்லை, பின்னாளில் தொலைக்காட்சிக்காக நடித்துக் காட்டியது. சம்பவம் மட்டும் அசல்தான். 1990 ஜூன் 10 அன்று காலை, இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில் அது நடந்தது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விமானி பிழைத்த அதிசயத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்கு முந்தைய நாள் ஒரு ஹேங்கரில் விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் நடந்த வேலை. அங்கே யாரும் குடித்திருக்கவில்லை, யாரும் தூங்கிவிடவில்லை, யாரும் வேண்டுமென்று எதையும் விட்டுவிடவில்லை. அனுபவமுள்ள ஒருவர், பழைய போல்ட்டை விடப் புதியது நல்லது என்று நினைத்தார். அவ்வளவுதான்.

வானில் 22 நிமிடம்

முதலில் பறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். விமானம் பிஏசி ஒன்-இலெவன் வகை, வாலருகே இரண்டு ஜெட் இன்ஜின் கொண்டது. 81 பயணிகள், 4 பணியாளர்கள், 2 விமானிகள், ஆக 87 பேர். தலைமை விமானி டிம் லங்காஸ்டர் இடது இருக்கையில், துணை விமானி அலஸ்டர் ஆட்சிசன் வலது இருக்கையில். உள்ளூர் நேரம் 8.20க்குக் கிளம்பினார்கள். மேலே ஏறும்போது லங்காஸ்டர் தோள்பட்டி பெல்ட்டைக் கழற்றி, இடுப்புப் பெல்ட்டையும் தளர்த்திக்கொண்டார். கிளம்பும் கெடுபிடி முடிந்ததும் விமானிகள் செய்வதுதான். பின்னால் பணியாளர்கள் சாப்பாடு பரிமாறத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

8.33க்கு, 17,300 அடி உயரத்தில், பெரும் சத்தத்தோடு இடதுபக்க முன்கண்ணாடி வெளியே பறந்தது. அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். உள்ளே அடைத்துவைத்திருந்த காற்று ஒரே நொடியில் அந்த ஓட்டை வழியே பாய்ந்தது, லங்காஸ்டரையும் இழுத்துக்கொண்டு. இடுப்புக்கு மேல் முழுவதும் வெளியே, விமானத்தின் கூரைமேல். கால் மட்டும் இருக்கைக்கும் கன்ட்ரோல் தண்டுக்கும் இடையே சிக்கிக்கொண்டதால் அவர் முழுதாகப் போகவில்லை. கால் இடித்ததில் ஆட்டோபைலட்டும் கழன்றுகொண்டது. பயணிகள் பக்கமிருந்து காக்பிட் கதவு பிய்ந்துவந்து இன்ஜின் கட்டுப்பாட்டு நெம்புகோல்கள்மீது விழுந்தது. விமானம் தலைகுனிந்து இறங்கத் தொடங்கியது.

அந்த நேரத்தில் காக்பிட் பக்கம் வந்திருந்த பணியாளர் நைஜல் ஆக்டன் பாய்ந்து கேப்டனின் இடுப்பைப் பிடித்தார். குளிரிலும் காற்றிலும் அவர் கை மரத்துப்போக, மற்றப் பணியாளர்கள் வந்து மாற்றிப் பிடித்தார்கள். கேப்டன் இறந்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இருந்தும் விடவில்லை. விட்டால் உடல் இறக்கையிலோ இன்ஜினிலோ வாலிலோ மோதும் என்பதும் ஒரு காரணம். ஆட்சிசன் விமானத்தை நிலைப்படுத்தி, மூச்சுவிடக் காற்றுள்ள உயரத்துக்கு இறக்கினார். காற்றின் இரைச்சலில் தரைக்கட்டுப்பாட்டு அறை சொல்வது காதில் விழவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். 8.55க்கு சவுத்தாம்ப்டனில் தரையிறங்கினார்.

லங்காஸ்டருக்கு உறைபனிக் காயம், அதிர்ச்சி, வலது கையிலும் மணிக்கட்டிலும் எலும்பு முறிவு, இடது கட்டைவிரலிலும் முறிவு. உயிர் இருந்தது. ஆக்டனுக்கும் காயம். பயணிகளில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

பறந்துபோன கண்ணாடியும் அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் பலவும் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் சோல்சி என்ற ஊர்ப்பக்கம் வயல்வெளியில் கிடைத்தன. புலன்விசாரணை அங்கேயே பாதி முடிந்துவிட்டது எனலாம். போல்ட்டைக் கையில் எடுத்து அளந்தாலே போதும், அளவு தவறு என்று தெரிந்துவிடும்.

எண்ணும் எழுத்தும்

அந்தக் கண்ணாடியைப் பிடிக்க 90 போல்ட். வகையின் பெயர் ஏ211. அதற்குப் பின்னால் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் வரும். எண் நீளத்தைச் சொல்லும்: 7 என்றால் 0.7 அங்குலம், 8 என்றால் 0.8. எழுத்து பருமனைச் சொல்லும்: டி கொஞ்சம் பருத்தது, சி கொஞ்சம் மெலிந்தது. இந்தக் கண்ணாடிக்குப் போடவேண்டியது 8டி.

பர்மிங்காமில் அன்று இரவு பழைய கண்ணாடியைக் கழற்றியபோது வெளியே வந்தவை 7டி. அதாவது பருமன் சரி, நீளம் 0.1 அங்குலம் குறைவு. நான்கு வருடமாக அந்த விமானம் தவறான போல்ட்டோடுதான் பறந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. பருமன் சரியாக இருந்ததால் மரை கவ்விப் பிடித்திருந்தது. பிடி கொஞ்சம் ஆழம் குறைவு, அவ்வளவுதான்.

அன்று போடப்பட்டவை: 84 எண்ணம் 8சி, 6 எண்ணம் 7டி. 8சியின் நீளம் சரி. பருமன் 0.026 அங்குலம் குறைவு, அதாவது சுமார் 0.66 மில்லிமீட்டர். விரலிடையில் இரண்டையும் வைத்து உருட்டிப் பார்த்தால் கவனமாக இருப்பவருக்குத் தெரியலாம். மங்கிய வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடி போடாமல் பார்த்தால் தெரியாது.

இங்கே ஒரு சூழ்ச்சிக்காரத் தற்செயல் இருக்கிறது. டி போல்ட்டுக்கும் சி போல்ட்டுக்கும் ஒரு அங்குலத்துக்கு எத்தனை மரை என்ற கணக்கு ஒன்றுதான்: 32. மரை இடைவெளி வேறாக இருந்திருந்தால் இரண்டு சுற்றிலேயே சிக்கிக்கொண்டு, 'இது என்னுது இல்லை' என்று நட் காட்டிக்கொடுத்திருக்கும். இடைவெளி ஒன்றாக இருந்ததால் மெலிந்த போல்ட் பருத்த நட்டுக்குள் சமர்த்தாக இறங்கியது. நட்டின் உள்மரை முனையைத் தொட்டும் தொடாமலும் சுற்றிக்கொண்டே போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விமானத்தில் முன்கண்ணாடி வெளிப்பக்கமிருந்து வைத்துப் போல்ட் போடுவது. உள்ளிருந்து வைக்கும் கண்ணாடியாக இருந்தால் உள் அழுத்தமே அதைச் சட்டத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கும். பாத்திரத்தின் உட்பக்கமிருந்து அடைத்த மூடி மாதிரி. வெளியிலிருந்து வைத்ததில் உள் அழுத்தம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஏறுகிற ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் தள்ளல் கூடும். தாங்க வேண்டியது போல்ட் மட்டும்தான்.

அந்த இரவு

ஜூன் 8 இரவு, விடிந்தால் 9. ஷிஃப்டில் ஆள் குறைவு. ஷிஃப்டின் பராமரிப்பு மேலாளர், வேலையை முடித்தாக வேண்டும் என்று கண்ணாடி மாற்றும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அனுபவசாலி, நல்ல பெயர் உள்ளவர். இந்த வேலையை அவர் செய்து சுமார் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கையேட்டை ஒரு பார்வை பார்த்தார், நேரடியான வேலைதான் என்று தோன்றியது. தோன்றியதில் தப்பும் இல்லை. கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும், முறுக்க வேண்டும்.

கழற்றியதில் சில போல்ட்டின் தலையில் பெயின்ட் அடைத்திருந்தது, சில சேதமாகியிருந்தன. சரி, புதியதே போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். இந்த முடிவை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. சோம்பேறியாக இருந்து பழைய 7டி போல்ட்டையே துடைத்து மாட்டியிருந்தால் விமானம் இன்னும் பல வருடம் பறந்திருக்கலாம். நான்கு வருடம் தாங்கியவை அவை. நல்லபடி செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் அவரை வேறு போல்ட் தேடிப் போகவைத்தது.

எந்த எண் போல்ட் என்று உதிரிபாகப் பட்டியலில் பார்த்திருக்க முடியும். பட்டியல் அங்கேயே இருந்தது. அவர் பார்க்கவில்லை. கழற்றிய போல்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய், அங்கிருந்தவற்றோடு ஒப்பிட்டு, 'இது 7டி' என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது சரிதான். கையில் இருந்தது 7டியேதான். ஆனால் 'கையில் இருப்பது என்ன' என்பதும் 'போடவேண்டியது என்ன' என்பதும் வெவ்வேறு கேள்விகள். பழைய போல்ட் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

ஸ்டோரில் இருந்தவர், அந்தக் கண்ணாடிக்கு 8டி போடுவார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு வற்புறுத்தவில்லை. மேலாளரும் கேட்டுக்கொண்டாரே தவிர எடுத்துக்கொள்ளவில்லை. கழற்றியது 7டி, அதையே திரும்பப் போட்டால் சரிதானே என்று நினைத்தார். ஒரு விபத்தைத் தடுத்திருக்கக்கூடிய வாக்கியம் அந்த அறையில் சத்தமாகவே சொல்லப்பட்டது. சொன்னவர் பதவியில் கீழே, கேட்டவர் மேலே. சொன்னவரிடம் இருந்தது தகவல், கேட்டவரிடம் இருந்தது கண்ணெதிரே ஒரு இரும்புத் துண்டு. இப்படிப்பட்ட போட்டியில் இரும்புத் துண்டு ஜெயிப்பதை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம்.

ஸ்டோரில் 7டி நாலைந்துதான் இருந்தது. அப்புறம் என்ன செய்வது? விமான நிலையத்தின் இன்னொரு மூலையில், பயணிகள் ஏறும் பகுதிக்குக் கீழே, உதிரிபாகங்கள் வைத்த சுழல் அலமாரி ஒன்று உண்டு. ஸ்டோர்காரர் கட்டுப்பாட்டில் இல்லாதது, வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளலாம். மேலாளர் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனார். வெளிச்சம் மங்கல். இழுப்பறை லேபிள்களை நம்பிப் பலன் இல்லை. கையில் வைத்திருந்த 7டியை அருகில் பிடித்து, கண்ணால் பொருத்தம் பார்த்து எடுத்தார். சின்ன எழுத்து படிக்க அவருக்கு மூக்குக்கண்ணாடி தேவை. அன்று அவர் போட்டிருக்கவில்லை. எடுத்தது 8சி.

கூடவே, ஓரத்தில் சட்டம் தடிமனாக வரும் இடத்துக்கு நீளமான போல்ட் வேண்டுமே என்று 6 எண்ணம் 9டியும் எடுத்துக்கொண்டார். பொருத்தும்போது அவை நீளம் அதிகம் என்று தெரிந்தது. ஒதுக்கிவைத்துவிட்டுப் பழைய 7டியில் 6 எடுத்துப் போட்டார். நீளம் தவறு என்றால் கை உடனே சொல்லிவிட்டது பாருங்கள். பருமன் தவறு என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

கிளிக்

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, பயமுறுத்துவதும்கூட.

போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. கையேடு சொன்னது 15 பவுண்டு-அங்குலம். அவர் ஸ்க்ரூடிரைவரை 20க்கு அமைத்துக்கொண்டார். இது அளவோடு நிற்கிற ஸ்க்ரூடிரைவர். குறித்த முறுக்கு வந்ததும் உள்ளே கிளட்ச் நழுவி 'கிளிக்' என்று கையில் தட்டும். அந்தத் தட்டல் வந்தால் போல்ட் முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம்.

அவருக்கு ஒவ்வொரு போல்ட்டிலும் கையில் தட்டியது. ஆனால் தட்டியது கிளட்ச் இல்லை. மெலிந்த போல்ட்டின் மரை, பருத்த நட்டின் மரைமீது ஏறித் தாவி விழுந்த தட்டல். போல்ட் பிடிக்கவே இல்லை என்பதற்கான அறிகுறி, போல்ட் நன்றாகப் பிடித்துவிட்டது என்பதற்கான அறிகுறியாகக் கைக்கு வந்து சேர்ந்தது. 'மரை கழன்றவன்' என்று ஊரில் யாரையாவது திட்டுவோம். இங்கே மரை கழன்றதே ஒழுங்காக வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. சரியான போல்ட்டும் தவறான போல்ட்டும் ஒரே மொழியில் பேசினால் கை என்ன செய்யும்?

கண் உதவியிருக்கலாம். போல்ட்டின் தலை உட்காருவதற்கென்று குழிவாகக் கடைந்த இடம் உண்டு. 8சியின் தலை சிறியது, அந்தக் குழியில் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கி, சுற்றிலும் இடம் காலியாகத் தெரிந்திருக்கும். நேரே நின்று பார்த்தால் ஒன்றிலாவது உறுத்தியிருக்கும். அவர் நேரே நிற்கவில்லை. ஏறி நின்ற மேடை சரியான இடத்தில் இல்லை. விமானத்தின் மூக்கைத் தாண்டி எட்டி, சாய்ந்தபடி வேலை பார்த்தார். கருவியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. முறுக்கும் போல்ட்டின் தலை அவர் கைக்கே பின்னால் மறைந்தது.

மேடையை இறக்கி, நகர்த்தி, மறுபடி ஏற்ற எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? அதிகம் ஆகியிருக்காது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு, எட்டினால் எட்டிவிடுகிற தூரத்துக்காக, யாரும் மேடையை இறக்க மாட்டார்கள். உடம்பே தூங்கு என்று கெஞ்சுகிற நேரம் அது. நம்மில் எத்தனை பேர் ஏணியை நகர்த்தாமல் ஒரு காலில் நின்று பல்பு மாற்றியிருக்கிறோம்.

பார்க்க இரண்டாவது கண் இல்லை

வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்டது யார்? அவரே. ஷிஃப்டில் பெரியவர் அவர்தான், வேலை செய்ததும் அவர்தான், சரியாகச் செய்யப்பட்டது என்று உறுதி சொல்ல அதிகாரம் உள்ளவரும் அவர்தான். இது விதிமீறலும் இல்லை. பிழையானால் பேராபத்து என்று பட்டியலிட்ட இடங்களில் மட்டும்தான் இரண்டாமவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று இருந்தது. முன்கண்ணாடி அந்தப் பட்டியலில் இல்லை. மாட்டியபின் விமானத்துக்குள் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை. ஜூன் 9 முழுவதும் விமானம் தரையிலேயே நின்றது. அடுத்த நாள் காலை 81 பயணிகளோடு ஏறியதுதான் அந்தக் கண்ணாடிக்கு முதல் சோதனை. வேலை முடிந்து 27 மணி நேரத்துக்குப் பின்.

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 1992இல் அறிக்கை வெளியிட்டது. காரணங்களைப் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு முக்கியமான வேலையை ஒரே ஆள் செய்து, தரத்துக்கும் அவரே முழுப் பொறுப்பாக இருந்தார் என்பது ஒன்று. அவருடைய கவனக்குறைவு, மோசமான தொழில்பழக்கம், நிறுவனம் வகுத்த முறையைப் பின்பற்றாதது, பொருந்தாத கருவி என்பது இரண்டாவது. அதுவும் அந்த ஒரு இரவின் சறுக்கலாக இல்லாமல், நீண்ட நாள் பழக்கத்தின் அடையாளமாகத் தெரிகிறது என்று சேர்த்தார்கள். மூன்றாவது, அந்தப் பழக்கத்தை உள்ளூர் நிர்வாகமும் தரத் தணிக்கையும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் ஷிஃப்ட் மேலாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று யாரும் நேரில் பார்த்ததே இல்லை.

இரண்டாவது காரணத்தைப் படிக்கும்போது அந்த மனிதர்மேல் கோபம் வரும். பட்டியலைப் பார்க்கவில்லை, ஸ்டோர்காரர் சொன்னதைக் கேட்கவில்லை, மூக்குக்கண்ணாடி போடவில்லை, மேடையை நகர்த்தவில்லை. ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் மூன்றாவது காரணத்தைச் சேர்த்துப் படித்தால் வேறு ஒன்று தெரியும். அவர் இப்படித்தான் பல காலம் வேலை செய்திருக்கிறார், இப்படி வேலை செய்துதான் நல்ல பெயரும் வாங்கியிருக்கிறார். சாமர்த்தியம், வேகம், எந்தச் சிக்கலையும் தானே தீர்த்துக்கொள்வது. வேலை நேரத்துக்கு முடிந்தவரை இதையெல்லாம் 'கெட்டிக்காரர்' என்று சொல்லுவோம். அதே குணங்கள்தான் விசாரணை அறிக்கையில் 'மோசமான தொழில்பழக்கம்' ஆனது. நடுவில் மாறியது போல்ட்டின் பருமன் மட்டும்.

என் கணிப்பில் இந்த நிகழ்வின் முடிச்சு 8சியில் இல்லை, 7டியில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் யாரோ தவறான போல்ட் போட்டார்கள், தண்டனை எதுவும் இல்லாமல் போயிற்று. அந்தத் தவறு அங்கேயே உட்கார்ந்து, அடுத்து வருபவருக்கு முன்மாதிரி ஆகிவிட்டது. கழற்றியதைப் பார்த்துப் போடுவது என்ற பழக்கம், முன்பு போட்டவர் சரியாகப் போட்டிருப்பார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம்? 'இத்தனை நாள் பறந்ததே' என்பதுதான்.

வேறு இரண்டு இரவுகள்

இதே சங்கதி வேறு உருவத்தில் ஏழு வருடம் முன்பே நடந்திருந்தது. 1983 மே 5, மயாமியிலிருந்து பஹாமாஸ் தலைநகர் நாசோவுக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855. லாக்ஹீட் டிரைஸ்டார், மூன்று இன்ஜின், 172 பேர். இன்ஜின் எண்ணெயில் இரும்புத்தூள் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு காந்த முளை உண்டு. அதை அவ்வப்போது கழற்றிப் புதியது மாட்ட வேண்டும். மாட்டும்போது எண்ணெய் கசியாமலிருக்க ரப்பர் வளையம் வேண்டும். மெக்கானிக்குகள் எப்போதும் வளையம் மாட்டித் தயாராக வைத்த முளைகளைத்தான் எடுத்து வந்திருந்தார்கள். அன்று இரவு தயார் நிலையில் எதுவும் இல்லை, ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். வளையம் இருக்கும் என்ற நினைப்பிலேயே மூன்று இன்ஜினுக்கும் மாட்டினார்கள். ஒன்றிலும் இல்லை. கசிகிறதா என்று இன்ஜினைச் சில நொடி சுழற்றியும் பார்த்தார்கள். கசிவு தெரிய அந்த நேரம் போதவில்லை.

நடு வழியில் ஒரு இன்ஜினின் எண்ணெய் அழுத்தம் விழ, அதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும்போது மற்ற இரண்டும் நின்றுபோயின. கடைசியில், முதலில் நிறுத்திய இன்ஜினையே மறுபடி கிளப்பி மயாமியில் இறங்கினார்கள். மூன்று இன்ஜின் எதற்கு? ஒன்று போனால் மற்றது காப்பாற்ற. ஒரே இரவில் ஒரே கைகள் மூன்றையும் தொட்டால், மூன்று என்பது ஒன்று ஆகிவிடுகிறது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் எல்லா இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது என்று இன்று பராமரிப்புக் கூடங்களில் வற்புறுத்துவதன் பின்னால் இந்த மாதிரி இரவுகள் இருக்கின்றன.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1991 செப்டம்பர் 11, டெக்சாசில் ஈகிள் லேக் அருகே கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 நொறுங்கியது, 14 பேரும் இறந்தார்கள். வாலின் கிடைமட்டப் பகுதியில், இடதுபக்கம் மேலே, முன்விளிம்பைப் பிடிக்கும் 47 திருகுகள் மாட்டப்படவில்லை. முந்தைய ஷிஃப்ட் கழற்றியது, அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியவில்லை. கழற்றியாயிற்று என்று ஒப்படைக்கும்போது யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த இடம் மேற்பக்கம், இரவில் கீழே நின்று பார்த்தால் கண்ணில் படாது. பர்மிங்காமில் ஒரு ஆள் எல்லாமாக இருந்தார். இங்கே நிறையப் பேர் இருந்தும், வேலை இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் விழுந்துவிட்டது. ஆளைக் கூட்டினால் மட்டும் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு

5390க்குப் பின் வந்த பரிந்துரைகளில் சில எதிர்பார்க்கக்கூடியவை: வேலை செய்தவரே தனக்குத்தானே சான்று கொடுப்பதை மறுபரிசீலனை செய்வது, பொறியாளர்களின் திறமையை அவ்வப்போது சோதிப்பது. விமானப் பராமரிப்பில் மனிதத் தவறுகள் பற்றிய பயிற்சி வகுப்புகளில் இந்த நிகழ்வு இன்றும் பாடமாக இருக்கிறது. வகுப்பில் வழக்கமாக யாராவது ஒருவர், 'ஸ்டோர்காரர் ஏன் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லவில்லை?' என்று கேட்பார். நியாயமான கேள்விதான். தகவலைச் சொல்வது அவர் வேலை. மேலாளரோடு வாதாடுவது அவர் வேலை என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அலமாரியோ அதுவும் சொல்லாது. ஸ்டோரில் 7டி போதுமான அளவு இருந்திருந்தால் மேலாளர் அவற்றை வாங்கிக்கொண்டு போயிருப்பார், தவறான போல்ட்டேதான், ஆனால் கண்ணாடி நின்றிருக்கும். ஆளில்லாத இருட்டு அலமாரிக்கு அவரை அனுப்பியது கையிருப்பில் விழுந்த பள்ளம்.

லங்காஸ்டர் ஐந்து மாதம் ஆவதற்குள் மறுபடி விமானம் ஓட்டினார். விமானமும் சரிசெய்யப்பட்டு மீண்டும் பறந்தது.

பரிந்துரைகளில் ஒன்று மட்டும் படிக்கும்போதெல்லாம் என்னை ஒரு நொடி நிறுத்திவிடும். இன்ஜின், அழுத்தம், உலோகம் பற்றிய வரிகளுக்கு நடுவில் அது இருக்கிறது: மூக்குக்கண்ணாடி போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், விமான வேலை பார்க்கும்போது பொறியாளர் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.